அய்யா நடந்த பாதையில் ஒரு பகல்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். கூடவே பீங்கானும் நினைவுக்கு வரும். ஜாடி, அகல், பொம்மை, மின்சார பியூஸ் கட்டை என்று அந்த ஊர்ச் சூளைகளில் வேகும் பொருள்கள் பல. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சேதி ஒன்று உண்டு. அச்சிலிருந்து எடுத்த ஈர மண்ணை உடனே சூளையில் வைத்தால் வெடித்துப் போகும். பொறுமையாகக் காயவைத்து, அதன் பிறகே நெருப்புக்குக் கொடுக்க வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்கி வெளியே வந்துவிட்டால், அதே மண் பிறகு எந்த மழைக்கும் கரையாது.

பிழைப்புக்காக அந்த ஊர்ப்பக்கம் போய் வாழும் அன்பர் ஒருவர் மாசி 18 இரவு நாகர்கோவிலுக்கு ரயில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாசி 20 அய்யாவின் அவதாரத் திருநாள். அன்று நாகராஜா கோயில் திடலிலிருந்து சாமிதோப்புப் பதி வரை மக்கள் நடந்தே போவார்கள். தென்கோடிக்கு வெளியே இந்த நடைப்பயணத்தை அறிந்தவர்கள் குறைவு. அந்த அன்பரோடு நாமும் மனத்தால் கூட நடப்போம்.

முதல் நாளான மாசி 19 அன்றே இரண்டு ஊர்வலங்கள் வந்து சேர்கின்றன. ஒன்று திருச்செந்தூரிலிருந்து வருவது. மற்றொன்று திருவனந்தபுரத்திலிருந்து வருவது. ஏன் இந்த இரண்டு ஊர்கள்? 1833ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசியில், நோயால் நலிந்த உடம்போடு திருச்செந்தூர்க் கடலுக்குள் போனவர், மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிப்பட்டார். பெற்ற தாயிடமே, தாம் இனி நாராயணரின் பிள்ளை என்று உணர்த்தினார். அங்கிருந்து தெச்சணம் நோக்கி நடந்தார். போகும்போது பிறர் துணையால் போனவர், வரும்போது தம் காலால் நடந்து வந்தார். திருச்செந்தூர் ஊர்வலம் அந்த வரவை நினைவூட்டுகிறது.

திருவனந்தபுரத்து ஊர்வலத்தின் கதை வேறு. அதை நாம் வழியில் பார்ப்போம்.

மாசி 20 விடிகிறது. நெற்றியில் திருநாமம், ஆண்கள் தலையில் தலைப்பாகை, கையில் காவிக்கொடி. அகிலத்திரட்டு அம்மானையைத் தாங்கிய வாகனம் முன்னே செல்ல, “அய்யா சிவ சிவ அரகரா” என்ற முழக்கத்தோடு மக்கள் புறப்படுகிறார்கள். கோட்டாறு வருகிறது, அங்கே சவேரியார் பேராலயம் நிற்கிறது. அடுத்து இடலாக்குடி, அங்கே இஸ்லாமிய மக்கள் வாழும் தெருக்கள். எந்த ஊரையும் ஒதுக்கிவிட்டு இந்தப் பாதை போவதில்லை. வழியில் தண்ணீர் கொடுக்கிறவர் யார், வாங்கிக் குடிக்கிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து சுசீந்திரம். அன்பர்களே, இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும்.

1838ஆம் ஆண்டு அய்யாவைச் சிறைப்பிடித்து, சுவாதித் திருநாள் மன்னர் முன் நிறுத்தக் கொண்டுவந்தது இந்தச் சுசீந்திரத்துக்குத்தான். கட்டியும் அடித்தும் நடத்திக் கொண்டுவந்தார்கள் என்று நம் முன்னோர் கண்ணீரோடு சொல்லி வந்திருக்கிறார்கள். அவர் செய்த குற்றம் என்ன? தாழ்த்தப்பட்ட மக்களை ஓரிடத்தில் கூட்டினார். பதினெட்டுச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் மொண்டு குளிக்கச் சொன்னார். அரசனுக்கு ஊழியம் செய்தே தேய்ந்து போனவர்களிடம், நீங்களும் மனிதர்கள்தான் என்றார். இதற்குத்தான் அந்தத் தண்டனை.

அங்கிருந்து திருவனந்தபுரம் கொண்டுபோய், சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தார்கள். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். மிளகாய்ப் புகையில் அடைத்தார்கள். பசித்த புலியின் முன் விட்டார்கள். ஒன்றாலும் அவரை அழிக்க முடியவில்லை. விருத்தாசலத்துச் சூளையை அறிந்த அன்பர் இந்த இடத்தில் ஒன்றை உணர்வார். அய்யா நெருப்புக்குள் போவதற்கு முன்னே தவத்தில் காய்ந்திருந்தார். குழிக்குள் நின்று இரண்டு ஆண்டு, தரையில் அமர்ந்து இரண்டு ஆண்டு என்று தவத்தை அடுக்கடுக்காக நோற்றவர் அவர். பொறுமை முந்தியது, நெருப்பு பிந்தியது. அதனால்தான் நீசனின் சூளை அவரிடம் தோற்றது.

1839ஆம் ஆண்டு மாசி 19 அன்று அய்யா விடுதலையானார். கட்டி நடத்திச் சென்றவரை மக்கள் வாகனத்தில் ஏற்றித் தோளில் தாங்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். திருவனந்தபுரத்து ஊர்வலம் சொல்லும் கதை இதுதான்.

அதன் பிறகும் சுசீந்திரத்துத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கும் உரிமைக்காக 1926இல் அங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்றுதான் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அய்யாவை அங்கே நிறுத்தி விசாரித்த நாளிலிருந்து கணக்கிட்டால் 98 ஆண்டுகள்! இன்று அதே ஊர் வழியாகக் குழந்தைகள் கொடி பிடித்துத் துள்ளி நடக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சாலை வெறும் சாலையாகத் தெரியலாம். பெரியவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தலையில் கட்டிய துணியைப் பற்றியும் சொல்லிக் கொடுங்கள். மேல்சாதியார் முன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டியிருந்த மக்களை, அய்யா தலைப்பாகை கட்டித் தம் முன் வரச் சொன்னார். திருநாமத்தைப் பற்றியும் சொல்லுங்கள். வெண்மண்ணை எடுத்துச் சுடரின் வடிவில் நெற்றியில் இடுகிறோம். மிதிபடும் மண் சோதியாக நிமிர்ந்து நிற்கிறது என்பது அதன் பொருள்.

சுசீந்திரம் தாண்டி, வழுக்கம்பாறை, ஈத்தங்காடு, வடக்குத் தாமரைகுளம் என்று பாதை போகிறது. வெயில் ஏறுகிறது. காலில் கொப்புளம் கிளம்புகிறது. உச்சிப்பொழுது நெருங்கும்போது சாமிதோப்பு தெரிகிறது. முத்திரிக் கிணற்று நீரில் உடல் நனைத்துப் பதிக்குள் போனால், பள்ளியறையில் சிலை இல்லை. விளக்குகளின் நடுவே கண்ணாடி இருக்கிறது. வெயிலில் வாடி வந்த தன் முகத்தையே அன்பர் அதில் காண்கிறார்.

அந்தக் கண்ணாடி ஒரு கேள்வி கேட்கிறது. இவ்வளவு தூரம் நடந்து வந்தவனே, நீ யாருக்காவது வழியை அடைத்து வைத்திருக்கிறாயா?

ஊர் திரும்பிய பிறகு இந்தக் கேள்வியை மறக்கக் கூடாது, மக்களே. நம் கடையிலோ பட்டறையிலோ வேலை செய்கிறவருக்குத் தனி தம்ளர் வைத்திருக்கிறோமா? வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவரை ஏளனமாகக் கூப்பிடுகிறோமா? நம் பிள்ளை வேறு சாதியில் மனம் வைத்தால், கலியின் குரல் நம் வாயிலிருந்தே கிளம்புகிறதா? அப்படியானால் அன்று அய்யாவைக் கட்டிய கயிற்றின் ஒரு நுனி இன்னும் நம் கையில் இருக்கிறது. அதைக் கீழே போடாமல் ஆயிரம் தடவை நடந்தாலும் கால்தான் வலிக்கும், பாவம் கழியாது.

கிடப்பவரைக் கைகொடுத்துத் தூக்குவதைத்தான் அய்யா தர்மம் என்றார். ஆண்டில் ஒரு பகல் அவர் பாதையில் நடக்கிறோம். மற்ற நாள்களில் நம் வாசலில், நம் தெருவில், நம் தொழிலிடத்தில் அந்தப் பாதையைத் திறந்து வைப்போம். பொறுமையில் காய்வோம். சோதனை வரும்போது அஞ்சாமல் நிற்போம். யாரும் யார் முன்னும் தலைத்துணியை அவிழ்க்க வேண்டாத தர்மயுகம் வரும் என்று நம்பி நடப்போம்.

அய்யா துணை. அய்யா உண்டு!