தோற்குமென அறிந்த சொல்

பாராளுமன்ற ஆட்சிமுறையில் நெடுங்காலமாக உள்ள ஒரு முரண்பாடு சிந்தனைக்குரியது. ஒரு சட்டமூலம் விவாதத்துக்கு வருமுன்னரே அதன் முடிவு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஆளும் கட்சியின் உறுப்பினர் தொகையும் அக்கட்சியின் கட்டுப்பாடும் வாக்கெடுப்பின் விளைவை முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. ஆயினும் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுகிறார், காரணங் காட்டுகிறார், அரசாங்கத்தைத் தட்டிக் கேட்கிறார், ஈற்றில் தோற்கிறார். வெல்லாதெனத் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்லுதல் கடமையா, வெறுஞ் சடங்கா? அரசியல் நடைமுறை பற்றிய வினாவாகத் தோன்றும் இது, உண்மையில் அறவியல் சார்ந்த வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கொழும்பு மாநகரில் நிகழ்ந்த ஒரு விவாதத்திலும் பொருத்தமான களம் கிடைப்பதரிது. 1956 ஏப்ரல் பொதுத்தேர்தலில், சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்குவதாக வாக்களித்து எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி ஆட்சிபீடம் ஏறியது. அதே ஆண்டு யூன் 5ஆந் திகதி அரசகரும மொழிச் சட்டமூலம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அன்று, சபைக் கட்டடத்துக்கு அணித்தாயுள்ள காலிமுகத்திடலில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தனர், குண்டர்களால் தாக்கப்பட்டனர். தலையிற் காயமுற்ற அ. அமிர்தலிங்கம் கட்டுடனேயே சபையினுள் நுழைந்தார். யூன் 15இல் 56 வாக்குகள் ஆதரவாகவும் 29 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டுச் சட்டமூலம் நிறைவேறியது.

எதிர்த்து வாக்களித்தோர் தமிழர் மட்டுமல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த என். எம். பெரேராவின் லங்கா சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்ட் கட்சியினரும் எதிர்த்தனர். சமசமாஜ உறுப்பினர்கள் பெரும்பாலும் சிங்கள வாக்காளராலேயே தெரிவுசெய்யப்பட்டவர்கள். அவர்களுள் ஒருவர் கொல்வின் ஆர். டி சில்வா, சட்டத்தரணி, வரலாற்று ஆராய்ச்சியாளர், 1947இல் வெள்ளவத்தை-கல்கிசைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தவர். ஒரு மொழியை மட்டும் ஏற்றால் நாடு இரண்டாகும், இரு மொழிகளையும் ஏற்றால் ஒரே நாடாக நிலைக்கும் என்பதே அவரது வாதத்தின் சாரம். எதிர்வரிசையில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியோ அரசாங்கத்துடன் சேர்ந்தே வாக்களித்தது. எனவே, எதிர்வரிசையில் அமர்வது வேறு, எதிர்க்கும் கடமையை ஆற்றுவது வேறு என்பது பெறப்படுகிறது.

இத்தகைய பேச்சுக்கு எதிராக இரு ஆட்சேபங்கள் கூறப்படலாம். முதலாவது, அது பயனற்றது என்பது. ஒரு வாக்கும் மாறவில்லை, சட்டம் சட்டமாயிற்று. இரண்டாவது, அது தீங்கானது என்பது. எதிர்த்தரப்பும் பேசியது, ஆகவே முறைப்படியே யாவும் நடந்தன என்று அரசாங்கம் கூறிக்கொள்வதற்கு அப்பேச்சே இடமளிக்கிறது. அநீதிக்கு அது முறைமையின் போர்வையைப் போர்த்துகிறது. இரண்டாவது ஆட்சேபம் வலிமையானது. எனினும் 1956இன் நிகழ்ச்சி அதற்கு ஒரு விடையைக் கொண்டுள்ளது. தமிழரசுக் கட்சியினர் திடலில் அமர்ந்திருந்தனர், சபையினுள்ளும் பேசினர். ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. வெளியே சிந்திய குருதிக்கு உள்ளே எழுந்த சொல் பொருள் கூறிற்று. பேசாது வெளியேறியிருப்பின், நிகழ்ந்தது கலகம் என்ற ஒரே விளக்கமே ஏட்டில் எஞ்சியிருக்கும்.

பயனற்றது என்ற ஆட்சேபத்துக்குப் பலர் கூறும் விடை, அச்சொல் பின்னர் மெய்யாயிற்று என்பது. 1958இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களையும், 2009 வரை நீடித்த போரையும் சுட்டி, எச்சரித்தவர் தீர்க்கதரிசி என்று போற்றுவர். 1983 யூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தமையை நினைவுகூர்வோருக்கு இவ்விடை உணர்ச்சியுடன் பொருந்தும். ஆயின் அறவியலளவில் இது போதாது. எச்சரிப்பவன் தன் சொல் பொய்க்க வேண்டுமென்றே விரும்புகிறான். அன்றியும், அரசாங்கம் அச்சொல்லைக் கேட்டு ஒழுகியிருந்தால் தீங்கு நேர்ந்திராது. சொன்னவனின் மதிப்பு அதனாற் குறைந்துவிடுமா? பின்விளைவைக் கொண்டு சொல்லை அளப்பது, சொல்லின் நேர்மையை ஊழின் கையில் ஒப்படைப்பதாகும்.

வேறொரு விடையைச் சிலப்பதிகாரத்திற் காணலாம். பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்ததால் கோவலன் மீளவில்லை. வழக்கு வென்றும் இழப்பு இழப்பாகவே நின்றது. ஆயினும் அவள் சொல் ஒன்றைச் செய்தது. அரசனிடமிருந்து அறியாமை என்ற அடைக்கலத்தை அகற்றியது. அதன் பின் அவன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து உயிர் நீத்தான். பாண்டியனுக்கு உண்மை தெரிந்தது தீர்ப்பு நிறைவேறிய பின்னர். பாராளுமன்றத்திலோ தீர்ப்பு நிறைவேறுமுன்னரே உண்மை உரைக்கப்படுகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து பேசி அமர்ந்ததும், “இது இவ்வளவு பாரதூரமாகும் என்று அறிந்திலோம்” எனும் உரிமையை அரசாங்கம் இழந்துவிடுகிறது. அதன்பின் அது செய்வதெல்லாம் அறிந்து செய்வதேயாகும். தோற்ற சொல்லின் முதற்பயன் இதுவே: அது வாக்கை மாற்றாவிடினும் பொறுப்பை நிலைநாட்டுகிறது. இடித்துரைப்பாரற்ற அரசன் பகைவரின்றியும் கெடுவான் என்று வள்ளுவர் கருதியதும் இத்தொடர்பிற் சிந்திக்கத்தக்கது.

அப்பொறுப்பு வெறுங் கருத்தன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்து அரச அலுவலகங்களுக்குச் சென்று வந்த தமிழ் எழுதுவினைஞருக்கு அச்சட்டம் சம்பளவேற்றத் தடையாக வந்து சேர்ந்தது. சிங்களத் தேர்ச்சி பெறாதாருக்கு ஏற்றம் இல்லை என்ற 1961ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கையால் பாதிக்கப்பட்ட செ. கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். எந்த ஓர் இனத்தையும் பாதிக்கும் பாரபட்சச் சட்டத்தைத் தடைசெய்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மொழிச்சட்டம் முரணானது எனக் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளங் கோரி அரசின்மீது வழக்கிட முடியாதென உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம் அம்மாற்றத்தை ஏற்காது, அரசியலமைப்பு வினாவைத் திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. சபையிற் கேட்கப்பட்டுத் தோற்ற வினா, ஓர் எழுதுவினைஞரின் வழக்காக மீண்டும் உயிர்த்தெழுந்தது என்பதே கருத்திற் கொள்ளத்தக்கது.

இனி, இவ்விடயத்தின் மிகக் கடினமான பகுதி ஒன்றுண்டு. 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சர் அதே கொல்வின் ஆர். டி சில்வாவே. அவ்வமைப்பு 29ஆம் பிரிவைக் கைவிட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி சிங்களமே அரசகரும மொழி என்பதை அடிப்படைச் சட்டத்திலேயே பொறித்தது. தமிழ்த் தலைமையும் இத்தகைய பிறழ்வுக்குப் புறம்பானதன்று. 1948 ஓகஸ்டில் பிரசாவுரிமைச் சட்டமூலத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம் அடுத்த மாதமே அமைச்சரானார். மலையகத் தமிழரைப் பாதித்த அடுத்த சட்டமூலத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அவரைப் பிரிந்ததும் அதனாலேயே.

சொன்னவர் மாறினால் சொல் பொய்யாகுமா? ஆகாது. வாதத்தின் உண்மை அதன் காரணங்களில் தங்கியுள்ளதேயன்றி, உரைத்தவரின் பிற்கால ஒழுக்கத்தில் தங்கியிருப்பதில்லை. ஆயினும் சொன்னவர் அதனின்று விடுபடுவதுமில்லை. அரசாங்கத்தின் அறியாமையை அகற்றிய சொல் அவரது அறியாமையையும் அகற்றிவிட்டது. 1956இன் உரையை மறந்து 1972இன் அமைச்சரை மதிப்பிட எவராலும் இயலாது. ஹன்சாட் ஏட்டிலுள்ள அவரது சொற்களே அவருக்கெதிரான சாட்சியமாயின. எதிர்க்கட்சி உறுப்பினரின் சொல் இவ்வகையில் ஒரு கடன். அதிகாரம் தன் கைக்கு வரும் நாளில் அதனை அவர் செலுத்தியாக வேண்டும்.

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தது. ஏற்க மறுத்த நியாயத்தை முப்பத்தோராண்டுகளின் பின், பெருவிலை கொடுத்த பின், சட்டம் எழுத்தளவில் ஏற்றது. இதனை அன்று தோற்றவர்களின் வெற்றியெனக் கொண்டாடுவது பொருந்தாது. இடையில் மாண்டோருக்கு அவ்வெற்றி எதையும் மீட்டுக் கொடுக்கவில்லை. எனினும், திருத்தம் வேண்டிய தவறு எது, அது எந்நாளில் எவரால் அறிந்து செய்யப்பட்டது என்பதைப் பின்வந்தோர் ஐயமின்றி அறிய முடிந்தது. 29 பேரும் அன்று மௌனமாயிருந்திருப்பின், தவறு விதியின் செயலாகவோ காலத்தின் கோலமாகவோ எண்ணப்பட்டிருக்கும். மனிதர் செய்தது மனிதர் செய்ததாகவே அறியப்படுவதற்கு, செய்யும் வேளையிலேயே ஒருவர் எழுந்து அதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். வாக்கெடுப்பின் முடிவை அறிந்தும் பேச வேண்டியது அதனாலேயாம்.