நடுவில் இருக்கும் வருடங்கள்

சித்திரை வெயில் ஏறிவிட்டால் இளையரசனேந்தல் தெருவில் மூன்று மணி வரை ஆள் நடமாட்டம் இருக்காது. காடு வெடித்துக் கிடக்கும். மானாவாரி பூமி, அடுத்த விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில்தான். அதுவரை திண்ணையில் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம். இந்தக் கோடையில் நான் யோசித்துக்கொண்டிருப்பது, கடல் தாண்டி வாழ்ந்த ஒரு டீச்சரை.

*

ராசம்மா பூபாலன். 1927 மே 1 அன்று மலாயாவின் ஈப்போவில், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் அங்கே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்டுவிட்டு, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குப் பெயர் கொடுத்தபோது ராசம்மாவுக்குப் பதினாறு வயது. சகோதரி பொன்னம்மாவும் கூடவே சேர்ந்தார்.

பதினாறு என்பது எந்த வயது என்று யோசித்துப் பார்க்கிறேன். நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, பதினொன்றில் எந்தக் குரூப் எடுப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் வயது.

*

1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் அந்தப் படையின் முகாம் திறந்தது. தலைவி, டாக்டர் லட்சுமி. வந்து சேர்ந்த பெண்களில் பலர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். பால் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அதன் விடுதலைக்காகக் கவாத்துப் பழகினார்கள். கவாத்து முடிந்தால் பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் கற்றுக்கொடுத்தார்கள்.

அப்படியானால் அந்த முகாம் பாதி பள்ளிக்கூடம்தான். படைக்கும் பள்ளிக்கும் நடுவே நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை. இரண்டு இடத்திலும் மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும். தன்னால் முடியாது என்று நினைத்து வந்த ஒருத்தியை முடியும் என்று நம்பவைப்பதுதான் இரண்டு இடத்திலும் வேலை.

*

பர்மா வரை போனார்கள். இம்பால் போரில் தங்கள் தரப்பு தோற்றுப்போனதால் படையாகப் போர்முனையில் நின்று சண்டையிட அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுக் கிளம்பியவர்கள் ஆற்றையும் சேற்றையும் கடந்து, விமானத் தாக்குதலுக்குப் பயந்து பகலில் பதுங்கி இரவில் நடந்தார்கள். பெண்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பிப் போக போஸ் சம்மதிக்கவில்லை; அவரும் கூட நடந்தார்.

எதற்காகப் பயிற்சி எடுத்தோமோ அது நடக்காமலே திரும்புவதை ஒரு பதினெட்டு வயதுப் பெண் மனதில் எங்கே வைத்துக்கொள்வாள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வியை மட்டும் எழுதி வைக்கிறேன்.

*

கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் பருத்தியும் உளுந்தும் அந்த ஈரத்திலேயே விளையும். ராசம்மாவின் வாழ்வையும் இப்படிச் சொல்லிவிடலாமா? இரண்டு வருடம் பெய்தது, மீதி எல்லாம் விளைச்சல் என்று?

சொல்லலாம், ஆனால் அது முழுசாகச் சரியில்லை. ஈரம் இருந்தால் மட்டும் போதுமா? உழவும் களையெடுப்பும் யார் செய்வது? அதே முகாமில் இருந்த நூற்றுக்கணக்கான பெண்கள் தோட்டத்துக்கே திரும்பிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூடப் புத்தகத்தில் ஏறவில்லை. அவர்கள் தைரியம் குறைந்தவர்களா என்ன?

*

ராசம்மா படித்து ஆசிரியை ஆனார். மலாயாவில் அப்போது ஒரே பள்ளியில் ஒரே பாடம் நடத்தினாலும் பெண்ணுக்கு ஆணைவிடச் சம்பளம் குறைவு. 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். அப்போது வயது முப்பத்து மூன்று. அடுத்த சில வருடங்கள் மனு, கூட்டம், பேச்சுவார்த்தை. சமச் சம்பளம் அறுபதுகளிலேயே கைகூடியது. 1969 முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. ஓய்வுக்குப் பிறகும் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் வேலையில் இறங்கினார்.

ரங்கூனில் கிடைக்காத சண்டை சம்பளப் பட்டியலில் கிடைத்தது. அதில் பின்வாங்க வேண்டியிருக்கவில்லை.

*

இந்தியாவில் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் டீச்சருக்கும் சாருக்கும் ஒரே சம்பளம். பள்ளிச் சுவரைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. களையெடுக்கக் குனிந்த முதுகு சாயங்காலம்தான் நிமிர்கிறது. கையில் வாங்குவது குறைவு. இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. வழக்கம் என்கிறார்கள். வழக்கத்தோடு மல்லுக்கட்டத் துப்பாக்கி உதவாது. மாதாமாதம் கூட்டம் போடுகிற, அலுக்காத ஒரு மனுஷிதான் வேண்டும்.

*

ராசம்மா தொண்ணூறு வயதைக் கடந்தவர். நெடுநாள் வாழ்ந்தவர்களிடம் நாம் இரண்டு விஷயம்தான் கேட்கிறோம்: சின்ன வயதில் என்ன சாகசம், இந்த வயதிலும் எப்படித் திடமாக இருக்கிறீர்கள். பதினாறு வயதுப் படைவீரர் கிடைக்கிறார். நரைத்த பாட்டி கிடைக்கிறார். இடையில் பாடக்குறிப்பு எழுதிய, விடைத்தாள் திருத்திய, சங்கத்துக்குச் சந்தா வசூலித்த பெண் விடுபட்டுப் போகிறாள். போட்டோவும் அங்கே குறைவு, பேச்சும் குறைவு. ஒரு வாழ்க்கையில் அதிக வருடங்கள் அங்கேதான் இருக்கின்றன.

எங்கள் தெருவிலும் ஓய்வுபெற்ற டீச்சர்கள் இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். எல்லோரும் அவர்களிடம் உடம்பைப் பற்றித்தான் விசாரிக்கிறோம். அடுத்த முறை நான் வேறு ஒன்று கேட்க வேண்டும்: முப்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை எதோடு போராடினீர்கள், டீச்சர்?