சாட்சி சொன்ன நம்பியும் சாட்சியாய்க் கிடந்த பெருமாளும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கண்ணால் நேரே கண்டவனுக்கே சாட்சி என்னும் பெயர் பொருந்தும் என்பது பாணினியின் வியாகரணம் காட்டும் பொருள். இதனைத் தமிழில் ‘கரி’ என்றும் ‘சான்று’ என்றும் பெரியோர் வழங்குவர். சான்று உடையவரே சான்றோர். ஆகவே சாட்சி சொல்லுதல் வாயின் தொழில் மாத்திரமன்று. அது ஒருவருடைய வாழ்ச்சி.

இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டா. குத்தம்பாக்கத்தை அடுத்த பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகளின் அவதார ஸ்தலம்; திருமழிசை, ஆழ்வாரின் அவதார ஸ்தலம்.

தேவப்பெருமாளுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்த நம்பிகளை, இளையாழ்வார் தமக்கு ஆசார்யராகவே கொள்ள விரும்பினார். நம்பிகள் இசையவில்லை. பின்பு இளையாழ்வார் தம் திருவுள்ளத்திலிருந்த ஐயங்களை வெளியிடாமலே, அவற்றுக்கு விடை கேட்டுத் தரவேண்டும் என்று விண்ணப்பித்தார். பெருமாள் அருளிய ஆறு வார்த்தைகளையும் நம்பிகள் கேட்டபடியே வந்து சொன்னார். நாமே பரதத்துவம், பேதமே தரிசனம், பிரபத்தியே உபாயம், அந்திம ஸ்மிருதி வேண்டா, சரீர முடிவில் மோக்ஷம், பெரிய நம்பியை ஆச்ரயிப்பது.

இங்கே ஆறாம் வார்த்தையை ஊன்றிக் காணவேண்டும். தம்மை ஆசார்யராக வரிக்க விரும்பியவரிடமே, வேறொருவரை ஆச்ரயிக்கும்படி நம்பிகள் தம் வாயாலே சொல்லுகிறார். கேட்டதில் ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, தமக்கென ஒரு பலனை வைத்துக்கொள்ளவுமில்லை. வினாவை அறியாதவர் கொண்டுவந்த விடை வினாவோடு பொருந்தியதே அந்தச் சாட்சியின் மெய்ம்மை.

திருமழிசையாழ்வார் திறத்தில் நிலை மாறுகிறது. கணிகண்ணனைப் பல்லவ அரசன் காஞ்சியினின்று போகச் சொல்ல, ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். அவர் சொற்படியே திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அவர்கள் ஓரிரவு தங்கிய ஊர் இன்றும் ஓரிக்கை. அரசன் பிழை பொறுக்க வேண்ட, மீண்டு வந்து சயனித்த பெருமாள், சென்று வந்தமைக்கு அடையாளமாகக் கிடக்கை மாறிக் கிடந்தார் என்பர் பெரியோர். ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்பது அதனாலே வந்த திருநாமம். எம்பெருமானுக்கு அடியார் சாட்சி சொல்வது உலக வழக்கம். இங்கோ அடியார் வார்த்தைக்கு எம்பெருமான் தன் திருமேனியையே சாட்சியாக்கினான்.

ஸஹஸ்ரநாமத்திலும் ‘ஸாக்ஷீ’ என்பது ஒரு திருநாமம். நம் குற்றங்களைக் கண்டு கணக்கிடுபவன் என்று கொண்டால் அச்சமே மிகும். பராசர பட்டரோ, முக்தர்களின் ஆனந்தத்தை நேரே கண்டு தானும் உகப்பவன் என்று அருளிச்செய்தார். தண்டிப்பதற்காகப் பார்க்கும் கண்ணன்று அது. குழந்தை உண்ணக் கண்டு மகிழும் தாயின் கண்.

ஆழ்வார்கள் கண்டார்கள், பாடினார்கள். நாம் காணவில்லை; ஓதுகிறோம். கண்டாரின் வார்த்தையைக் கூட்டாமல், குறையாமல் அடுத்தவரிடம் சேர்ப்பதே நமக்குள்ள கடமை. பிரபத்தியே உபாயம் என்று நாவால் ஓதி, நெஞ்சில் தன் முயற்சியையே நம்பியிருப்பவன், தான் ஓதிய பாசுரத்துக்கே பொய்ச்சாட்சி ஆகிறான். நம்பிகளைப் போலே தன்னை முன்னிறுத்தாதவன் ஓதும்போது, அந்த ஓதுதலே மெய்ச்சாட்சி.

திருமழிசைப்பிரான் திருவடிகளே சரணம்
திருக்கச்சி நம்பிகள் திருவடிகளே சரணம்