வலியைக் காட்டித்தான் கேட்கணுமா?

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்காக நூறு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்றால் நன்கொடை வருகிறது. சும்மா கேட்டால் குறைவுதான். பந்தயச் சக்கர நாற்காலிக்கு மூன்று சக்கரம். ஓட்டுபவரின் உடம்பு அளவுக்கே செய்யணும், விலை பல ஆயிரம் வெள்ளி. என் கால் கொப்புளத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

"காவடி மாதிரிதான்டா" என்கிறான் நண்பன். எனக்கு அப்படித் தோணலை. பத்துமலையில் 272 படி ஏறுபவர் தன் வலியை முருகனிடம் கொடுக்கிறார். அதைக் காட்டி வசூல் பண்ணுவதில்லை. நான் பண்ணுகிறேன். அதில் வரும் இரக்கம் எனக்கா, விளையாட்டாளருக்கா?

கனடாவின் ரிக் ஹான்சன் 1985 முதல் 1987 வரை சக்கர நாற்காலியிலேயே 34 நாடுகளில் 40,000 கிலோமீட்டருக்கு மேல் சென்று 26 மில்லியன் கனடிய டாலர் திரட்டினார். அந்தத் தூரம் அவருடைய வலிமையைக் காட்டியது. என் தூரம் என்னைத்தான் காட்டும். 2016 ரியோ பாராலிம்பிக்கில் நம் நாட்டின் முதல் தங்கத்தை 100 மீட்டரில் ரிட்சுவான் வென்றபோது, நாம் பார்த்தது ஓட்டக்காரரை, பரிதாபத்தை அல்ல.

ஓட்டத்தை விடவில்லை, ஓடுகிறேன். ஆனால் நன்கொடைத் தாளில் என் படம் வேண்டாம். நாற்காலியின் விலையைப் போடுங்கள். அதை ஓட்டப்போகிறவர் 100 மீட்டரை எத்தனை வினாடியில் முடிக்கிறார் என்பதையும் போடுங்கள்.