பனிமலை யார் வீட்டுச் சொத்து?

தம்பி, டெல்லி ரயில் தினமும் உன் ஊர் வழியாகத்தான் போகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, நிற்காமல் கூடூர் பக்கம் பாய்கின்றன. நீயோ பக்கத்து பிளாட்பாரத்தில் சென்னை லோக்கலுக்காக டிபன் டப்பாவோடு நிற்கிறாய். அந்த ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு உன்னைவிட இரண்டு கை கூடுதலா? அவனிடம் ஒரு டிக்கெட் இருக்கிறது. ஒரு தேதி இருக்கிறது. உன்னிடம் இல்லாதவை அந்த இரண்டும்தான்.

அடுத்த குளிர்காலத்தில் நீ பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறாய். சிரிக்காதே, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிப்காட் ரோலிங் மில்லில் சி ஷிப்ட் பார்க்கும் உனக்குச் சொல்கிறேன். காக்களூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கும் உனக்கும், தடா தாண்டி ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ் ஏறும் தங்கச்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

“அதெல்லாம் பணக்காரன் விளையாட்டு” என்று உதட்டைப் பிதுக்குகிறாய். யார் சொன்னது? ஐரோப்பாக்காரனே பனியைக் கண்டு ஓடியவன்தான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ், தாது நீரூற்றுக்குப் பேர்போன மலையூர். கோடையில் கூட்டம் நெரியும், குளிர்காலத்தில் காக்கா குருவி இருக்காது. 1864இல் அங்கே யோஹன்னஸ் பட்ரூட் என்ற ஹோட்டல்காரர், ஊர் திரும்பவிருந்த ஆங்கிலேய விருந்தாளிகளிடம் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. “குளிர்காலத்தில் வந்து பாருங்கள், வெயில் அடிக்கும். இல்லையென்றால் உங்கள் வழிச்செலவு என்னுடையது” என்றாராம். வந்தவர்கள் ஈஸ்டர் வரை நகரவில்லையாம். பிறகு அதே ஊரில் 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. கண்டு நடுங்கிய பனியை வைத்தே ஊர் பிழைத்துக்கொண்டது!

நம்மவர்கள் என்ன குறைந்தவர்களா? 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவிஸ் போய்ச் சேர்ந்த தமிழர்களில் எத்தனையோ பேர் ஹோட்டல் சமையற்கட்டில் பாத்திரம் கழுவினார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூட முகாமில் சறுக்குக்கட்டை மாட்டி மலையிறங்கினார்கள். பனையைப் பார்த்து வளர்ந்த குடும்பம் ஒரே தலைமுறையில் பனியைப் பழக்கிக்கொண்டது.

ஆல்ப்ஸுக்கே போகவேண்டும் என்று ஆசையா? தாராளமாக வை. ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், கம்பெனி தரும் விடுப்புக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் அது இரண்டாம் பயணமாக இருக்கட்டும். அங்கே போய் நாள் கூலிக்குப் பயிற்சியாளர் வைத்து முதல் பாடம் படிப்பது, உள்ளதைச் சொன்னால், காசைக் கரியாக்குவது. முதல் பாடத்துக்கு மணாலி போதும்.

மணாலியில் 1961 முதல் ஒரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இப்போது அதற்கு அடல் பிகாரி வாஜ்பாய் பெயர். குளிர்காலத்தில் சோலாங் பள்ளத்தாக்கில் 14 நாள் பனிச்சறுக்குப் பயிற்சி தருகிறார்கள். இரண்டு வாரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு உத்தராகண்டின் அவுலியில் மாநிலச் சுற்றுலாக் கழகமே நடத்தும் 7 நாள் பயிற்சி உண்டு. ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் வெடித்து ரோப்கார் நின்றுபோனது. அதனால் அவுலிக்குப் போகிறவர்கள் சாலை நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

என் ஓட்டு சோலாங்குக்குத்தான். மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர். அதற்குக் காரணம் தூரம் மட்டுமல்ல. மணாலியை ஒட்டி வசிஷ்ட் என்று ஒரு கிராமம். கோயில் குளத்தில் பாறைக்கடியிலிருந்து கந்தக வெந்நீர் வருகிறது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, கட்டணம் கிடையாது. நாளெல்லாம் விழுந்து எழுந்த தொடையை அந்த நீரில் இறக்கிப் பார். ஆல்ப்ஸில் யூரோவாக எண்ணிக் கொடுத்து அனுபவிக்கிற சுகம் இங்கே சாமி கணக்கில் இலவசம்.

அந்தப் பக்கத்து மலையில்தான் சிவ கேசவன் வளர்ந்தான். அப்பா கேரளம், அம்மா இத்தாலி. லூஜ் என்ற பனிவண்டியில் மல்லாந்து படுத்துப் பாயும் விளையாட்டு அவனுடையது. இந்தியாவில் அதற்கு ஓடுதளம் இல்லை. அவன் என்ன செய்தான்? வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரியும் ஆட்டு மந்தையும் வரும் இமயமலைத் தார்ரோட்டில் படுத்து உருண்டான். 1998இல் 16 வயதில் நகானோ ஒலிம்பிக். அதையும் சேர்த்து 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். 2014 சோச்சியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்ததால் நாட்டுக் கொடி இல்லாமலே போட்டியிட்டான். ஓடுதளமும் இல்லாமல், கொடியும் இல்லாமல் ஒருவன் போயிருக்கிறான். நீ லீவ் லெட்டர் எழுதவே யோசிக்கிறாய்!

மணாலிக்குப் பக்கத்து புருவா கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்குர், 2018 ஜனவரியில் துருக்கியில் வெண்கலம் வாங்கினாள். சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். காஷ்மீரில் குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர். பனி கொட்டிய நாளில் பலர் ஓட்டத்தையே முடிக்கவில்லை. அவர் முடித்தார், 45ஆம் இடம்.

இப்போது உன் கணக்குக்கு வருவோம். ஆலைத் தொழிலாளிக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம். வருஷத்தில் 280 நாள் உழைத்தால் 14 நாள். மீதியை முப்பது நாள் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். பயிற்சி 14 நாள், போக வர ஆறு நாள். ஆக, ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான உழைப்பில் உன் பனிக்காலம் சேர்ந்துவிடுகிறது. சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்! நீ கேட்பது அவர் வீட்டுச் சோறு இல்லை, உன் வியர்வையின் மிச்சம். கான்ட்ராக்டில் இருப்பவனுக்கு நிலைமை கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் உன் விடுப்புக் கணக்கு என்ன என்று ஒருநாளாவது வாய்திறந்து கேட்டிருக்கிறாயா?

பணத்துக்கு வழி சீட்டு. மாதாமாதம் கட்டு, தீபாவளி போனஸில் ஒரு பங்கைத் தொடாமல் வை. கடன் ஆப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. வட்டிக்கு வாங்கி மலையேறினால் இறங்கும்போது கால் நடுங்கும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். அன்று காலை எட்டு மணிக்கு விழித்திரு. டெல்லி வரை ரயில், அங்கிருந்து ராத்திரி பஸ்.

இன்னொன்று சொல்லவேண்டும். 1,100 டிகிரியில் பழுக்கும் பில்லட் பக்கத்தில் நின்றவனுக்குக் குளிரெல்லாம் ஜுஜுபி என்று வீரம் பேசாதே. அனலைத் தாங்கிய உடம்பு குளிரையும் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பருத்தி பனியன் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கும் மேலே நீர் புகாத ஜாக்கெட் வேண்டும். மூன்று மாதம் முன்பிருந்தே தொடைக்கு வேலை கொடு. தினமும் தோப்புக்கரணம் போடு, ஞாயிற்றுக்கிழமை தடா அருவிப் பாறைகளில் ஏறி இறங்கு.

ஆனால் கண்ணைப் பற்றி உனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குள் மிளகாய்ப் பொடியும் மணலும் அள்ளிப் போட்ட மாதிரி, இமை திறக்காமல், தண்ணீராக ஊற்றி, விடியும்வரை துடித்தாயே. பனிக்குருடு என்று மலைக்காரர்கள் பயப்படுவதும் அதே நோய்தான். இரண்டும் புற ஊதாக் கதிர் கண்ணின் முன்படலமான கார்னியாவைச் சுடுவதால் வருவது. புதுப்பனி அந்தக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். உயரம் ஏற ஏறக் கதிரின் வீரியமும் கூடும். வெயில் பளீரென்று அடிக்கிற அழகான நாள்தான் ஆபத்தான நாள். டெல்லியிலிருந்து வந்த டூரிஸ்ட் கூலிங்கிளாஸை நெற்றியில் ஏற்றி செல்ஃபி எடுப்பான். நீ கண்ணாடியைக் கழற்றமாட்டாய். மற்றவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கிற பாடம் உனக்கு ஷாப் ஃப்ளோரிலேயே கிடைத்துவிட்டது.

சோலாங்குக்குப் போய் வாடகைக் கோட்டும் கம்பூட்சும் மாட்டி, பனியை உருட்டி எறிந்து, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் திரும்புகிற கூட்டத்தோடு சேராதே. நீ கற்கப் போகிறவன். முதல் நாள் உன்னைச் சரிவில் விடமாட்டார்கள். கணுக்கால் அசையாத பூட்ஸை மாட்டி, சமதரையில் நடக்கவிடுவார்கள். பக்கவாட்டில் விழவும், கட்டையோடு எழவும் சொல்லித் தருவார்கள். பிறகு பிரேக். கட்டைகளின் முன்நுனியை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்தவேண்டும். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் கட்டை உன் பேச்சைக் கேட்காது, வேகம் பிடித்து ஓடும். முழங்காலை மடக்கி, கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்த, பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய். அப்போதுதான் திரும்பும், அப்போதுதான் நிற்கும்.

வீட்டில் கேட்பார்கள். “கல்யாணத்துக்குச் சேர்க்கவேண்டிய காசு” என்பார் அப்பா. சீட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டு, எது எதற்கு என்று பிரித்து வைத்திருப்பதைச் சொல். “விழுந்து கைகால் உடைந்தால்?” என்பாள் அம்மா. விழமாட்டேன் என்று பொய் சொல்லாதே. முதல் நாள் முழுக்க விழப்போகிறேன், அதற்குத்தான் அம்மா காசு கட்டியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பயணக் காப்பீட்டுத் தாளை அவள் கையில் கொடு.