முந்நூற்று அறுபது நாள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. குடவோலை முறை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது அங்கிருந்து வந்ததுதான். அந்த வரிகளுக்குள் ஏரி வாரியம் ஒன்று இருக்கிறது. ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும்தான்.

அந்த 360 மனத்திலேயே தங்கிவிட்டது. ஏரி நிறைந்து கிடப்பது சில மாதங்கள். மீதி நாளெல்லாம் அந்த ஆறு பேருக்கு என்ன வேலை?

2019 கோடையில் சென்னையின் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளின் தரை வெடித்துக் கிடந்தது. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அதற்கு நான்காண்டுக்கும் குறைவான காலம் முன்பு, 2015 டிசம்பரில் அதே செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரை வீடுகளில் மாடிவரை வெள்ளம்.

இவற்றை இரண்டு துயரங்களாகத்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒன்று வானம் அதிகமாகக் கொடுத்தது, மற்றது கொடுக்க மறந்தது. தியாகராய நகரில் நடக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு தளர்ந்துகொண்டே வந்தது. 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து எழுந்த நகர் அது. நுங்கம்பாக்கத்தில் இன்றும் ‘லேக் ஏரியா’ உண்டு. ஏரி இல்லை, பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பைமேடு. மழை இந்த ஊருக்கு வழி தவறி வரவில்லை. வந்த மழை உட்கார இடமில்லாமல் வீட்டுக்குள் புகுந்தது. உட்காராமல் போனதால் கோடையில் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே துயரம்.

அப்படியானால் ஏரியில் நாம் காப்பது தண்ணீரை அல்ல, தண்ணீருக்கான இடத்தை. தண்ணீர் வரும், போகும், ஆவியாகும். அந்த வெற்றிடம் ஊருக்குச் சொந்தம். வெறுமையாகத் தெரிவதாலேயே அதன்மேல் எல்லாருக்கும் கண். ‘சும்மாதானே கிடக்கிறது’ என்ற ஒரு சொல்லில் எத்தனை ஏரிகள் மனையாகிவிட்டன!

அந்த ஆறு பேரின் கோடைக்கால வேலை இப்போது எனக்குப் புரிகிறது. சோழர் காலத்தில் ஏரிப் பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கினார்கள். பின்னாளில் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தார். வந்தது வற்றிய ஏரிக்குத்தான். வண்டலை அள்ளி வயலுக்கு அடித்தால் ஏரி ஆழமாகும், வயலும் விளையும். கரையில் எலி வளை, மதகில் கசிவு, கலங்கலில் பெயர்ந்த கல், எல்லாம் தண்ணீர் இல்லாதபோதுதான் கண்ணில் படும். இன்று வரத்துக்காலை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தையும் சித்திரை வெயிலில்தான் வெட்ட முடியும். ஐப்பசியில் முதல் மழை மேட்டிலிருந்து இறங்கிவரும்போது, அந்த வாய்க்கால் திறந்திருக்க வேண்டும்.