பறிமுதலும் மூன்றாம் ஆளும்

போதைப்பொருள் விற்றுச் சேர்த்த பணம், சிறையிலிருந்து திரும்புகிறவனுக்காக வங்கியில் காத்திருக்கக் கூடாது. மலேசியாவில் 1988ஆம் ஆண்டின் சொத்துப் பறிமுதல் சட்டமும் அம்லா எனப்படும் 2001ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டமும் இந்த நியாயத்தில்தான் நிற்கின்றன. அதில் மறுப்பதற்கு எதுவுமில்லை.

ஆனால், கைப்பற்றப்படும் பொருள் எப்போதும் குற்றவாளிக்கே சொந்தமானதாக இருப்பதில்லை. புக்கிட் தெங்காவில் ஒருவர் தம் லோரியை வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறை தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றும் வண்டி. தவணை இன்னும் கட்டி முடியவில்லை. வாடகைக்கு எடுத்தவன் அதில் கடத்தல் சரக்கை ஏற்றிவிடுகிறான். அம்லாவின் 45ஆம் பிரிவுப்படி லோரியைக் கைப்பற்ற மூத்த அதிகாரியின் ஒப்புதல் போதும். நீதிமன்றம் பிறகுதான் வருகிறது. யார்மீதும் வழக்குத் தொடராவிட்டாலும், 56ஆம் பிரிவின்கீழ் 12 மாதங்களுக்குள் பறிமுதல் ஆணை கேட்டு அரசுத் தரப்பு உயர் நீதிமன்றம் செல்லலாம். அங்கே சிவில் வழக்குக்குரிய நிரூபணமே போதுமானது.

லோரிக்காரருக்கு 61ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. உரிமை கோருபவர் வரலாம் என்று அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். விடிகாலையில் வண்டி எடுக்கும் மனிதர் எந்த அரசிதழைப் படிப்பார்? தற்செயலாகத் தெரிந்து வந்தாலும், குற்றத்தில் தமக்குப் பங்கில்லை, அது தெரியாது, தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, தடுக்க இயன்றதையெல்லாம் செய்தோம் என அனைத்தையும் அவரே நிலைநாட்ட வேண்டும். தெரியாது என்பதை எந்த ரசீதைக் காட்டி நிரூபிப்பது?

வழக்கறிஞர் படையோடு வருகிறவர்களின் நிலை வேறு. முன்னாள் பிரதமர் நஜிப் தொடர்புடைய கோலாலம்பூர் வீடுகளில் 2018இல் கைப்பற்றிய சுமார் 11 கோடியே 40 லட்சம் ரிங்கிட் ரொக்கத்துக்கு அம்னோ கட்சி உரிமை கோரியது. சட்டவிரோதச் செயலோடு அப்பணத்துக்குள்ள தொடர்பை அரசுத் தரப்பு நிறுவவில்லை என்று 2021இல் உயர் நீதிமன்றம் பறிமுதல் மனுவைத் தள்ளியது. தீர்ப்பில் குறை காண வேண்டியதில்லை; அந்த அளவு கேள்வி லோரிக்காரருக்காகவும் கேட்கப்பட வேண்டும் என்பதே வாதம்.

அமெரிக்காவில் 1996இன் பென்னிஸ் வழக்கில், கணவன் செய்த குற்றத்துக்காக, ஏதுமறியாத மனைவி கூட்டாக வாங்கிய காரில் தன் பங்கை இழந்தார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்றது. உரிமையாளர்கள் விழிப்பாக இருந்தால் குற்றம் குறையும் என்பது அத்தகைய சட்டங்களுக்குச் சொல்லப்படும் காரணம். விழிப்பாக இருப்பது கடமைதான். அதைச் சோதிக்கும் செலவை ஏழையின் தலையில் ஏற்றுவது அநீதி. பதிவேட்டில் உரிமையாளரின் பெயர் இருக்கையில் அறிவிப்பு அவர் வீட்டுக்கே, அவர் படிக்கும் மொழியில் போகட்டும். அவர் உடந்தை என்பதை அரசே நிறுவட்டும். முடியாதபோது, வண்டி ஓடாமல் நின்ற மாதங்களின் தவணையையும் அரசே கட்டட்டும்.